பந்தி டாக்டரும் என் கடவாய்ப் பல்லும்

கோயமுத்தூர் ஜில்லாவில் கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியவர்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு பெண்மணிக்குப் பயந்து ஓடியவர்கள்தான். சம்பந்தி சண்டை என்றால்கூட நம் ஆட்கள் பாயசத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இந்த அம்மாளைக் கண்டால் மட்டும் ரசத்தோடு எழுந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணபதியிலிருந்து அன்னூர்வரைக்கும் சத்தி ரோட்டில் குடியிருந்த யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். பெயரைச் சொன்னால் தெரியாது. பந்தி டாக்டர் என்றால் உடனே தெரியும். தெரிந்ததற்கு அடையாளமாக வாயைக் கையால் பொத்திக்கொள்வார்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. முப்பது வருஷமாகியும் குறையவில்லை. ஒரு மனிதனை ஏழு கல்யாணங்களில், ஏழு மண்டபங்களில், ஊரும் உறவும் பார்க்க வாயைத் திறந்துகொண்டு நிற்கவைத்தால் அவனுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? அந்தக் கொடுமையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

பல் டாக்டர். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கணபதியில் பழுதான மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரு ரீவைண்டிங் கடைக்கு மேல்மாடியில் கிளினிக் வைத்திருந்தார். மொபெட்டில்தான் எங்கும் போவார். மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பும் பவுடரும் வைக்கிற இடத்தில் இவர் ஒரு டார்ச் லைட்டும், கம்பி முனையில் பொருத்திய வட்டக் கண்ணாடியும் வைத்திருப்பார். யாருடைய முகமும் அவர் ஞாபகத்தில் நிற்காது. பல் ஒன்றும் மறக்காது. பஸ் ஸ்டாப்பில் நாம் வணக்கம் சொன்னால் யாரோ என்று விழிப்பார். சிரித்துவிட்டால் போதும். "ஓ, மேல வலது முன்பல்லா, வாங்க வாங்க" என்பார்.

அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் பல் சொத்தை என்றால் வெள்ளி அடைப்புதான். வாயைத் திறந்தால் கறுப்பாகத் தெரியும், ஆனால் ஆள் போனாலும் அடைப்பு போகாது. பந்தி டாக்டர்தான் சத்தி ரோட்டில் முதன்முதலாக வெள்ளை அடைப்புக்கு மாறியவர். பல்லின் நிறத்திலேயே இருக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. குழியைச் சுத்தம் செய்ததும் அடியில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசவேண்டும். லைனர் என்பார்கள். உள்ளே இருக்கிற நரம்பை உறுத்தாமல் காப்பாற்றுவதும், கீழே பல்லையும் மேலே வெள்ளையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதும் அந்தப் பூச்சின் வேலை. துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கை எடுத்து நீல வெளிச்சம் அடித்தால் பூச்சு இறுகும். பிறகு அதன்மேல் வெள்ளை, மறுபடியும் வெளிச்சம். பூச்சு சரியாகப் பிடிக்காவிட்டால் மேலே எத்தனை உசத்தியான சரக்கை வைத்தாலும் ஒருநாள் சோற்றோடு சேர்ந்து வந்துவிடும்.

வந்துவிட்டது. ஒருவருக்கு இருவருக்கு அல்ல, வரிசையாக எல்லாருக்கும் வந்துவிட்டது. ஆனால் டாக்டருக்கு மட்டும் அது தெரியாது.

ஏன் தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருவர் செய்த வேலையை அவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல வராது. காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் "நல்லாருக்குதுங்க, போதுமுங்க" என்று குடித்து முடித்துவிட்டு, தெருமுனைக்குப் போய்த்தான் துப்புவோம். அடைப்பு விழுந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அந்தப் பக்கமாக மெல்லுவதை நிறுத்திக்கொண்டார்கள். ரொம்ப வலித்தவர்கள் சத்தமில்லாமல் உக்கடம் பஸ் ஏறி, ஆள் தெரியாத இடத்தில் பழையபடி வெள்ளி அடைத்துக்கொண்டு வந்தார்கள். வழியில் டாக்டரம்மாவைப் பார்த்தால் "அருமையா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அம்மாள் இரண்டு வருஷம் தன் அடைப்பெல்லாம் மலைபோல நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் கிளினிக்கில் கூட்டம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

குட்டு உடைந்தது ஒரு மதுரைக்காரரால். பேங்கில் மாற்றலாகி வந்த அதிகாரி. மாடிப்படி ஏறும்போதே, "என்னங்க டாக்டர், நீங்க வச்சது ஒரு மாசங்கூட நிக்கல, பேந்துக்கிட்டு வந்துருச்சு. என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். டாக்டர் அவரை உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். பிறகு மடியில் நோட்டை வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தார். இவருக்கு விழுந்தது, வந்து சொன்னார். மற்றவர்கள்?

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் பந்திச் சோதனை.

கிளினிக்குக்கு வரச்சொன்னால் வரமாட்டார்கள், கேட்டால் பொய் சொல்வார்கள். ஆனால் மெல்லுகிறபோது பொய் சொல்ல முடியாது அல்லவா? அதனால் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யார் எந்தப் பக்கமாக மெல்லுகிறார்கள் என்று பார்ப்பார். முதலில் மாட்டியவர் அவருடைய சொந்த மாமா. நானும் அதே பந்தியில் ஐந்தாவது இலையில் இருந்தேன்.

"ஏனுங் மாமா, சோத்தையெல்லாம் வலப்பக்கமே தள்ளறீங்க?"

"சும்மா ஒரு பழக்கம் கண்ணு."

"இடப்பக்கம் போன ஆடியில நான் அடச்சனே, எப்படி இருக்குது?"

"அதுக்கென்ன அம்மணி, அருமையா இருக்குது."

"தொறங்க வாயை."

"சாப்புட்டுட்டு..."

"தொறங்கங்க மாமா."

மாமா திறந்தார். வாயில் அவரைக்காய்ப் பொரியல் இருந்தது. டார்ச் அடித்த இடத்தில் குழி இருந்தது. அடைப்பு இல்லை.

"எங்க மாமா?"

"அது... அப்பவே வுட்டுப்போச்சு கண்ணு."

"ஏன் சொல்லலை?"

"நீ சங்கடப்படுவியேன்னுதான்."

அந்த ஒரு வார்த்தைக்கு டாக்டர் கத்திய கத்தலில் மேடையில் நாதஸ்வரம் நின்றது. தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை எதற்கோ பயந்து எழுந்துவிட்டார். அடுத்தடுத்த முகூர்த்தங்களில் டாக்டர் முப்பது வாயாவது பார்த்திருப்பார். எல்லாவற்றிலும் குழி. எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றே. அவர் சங்கடப்படக் கூடாதாம்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சரவணம்பட்டியில் ஒரு நூல் மில்லில், நூலின் தரம் பார்க்கிற லேபில் வேலை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் பொழுதோடு கீழ் இடது கடவாய்ப் பல்லில் அந்த அம்மாள் எனக்கு வெள்ளை அடைத்துவிட்டார். நாற்பதாவது நாள் கடலைக்காய் தின்றுகொண்டிருந்தபோது கடக்கென்று ஒரு சத்தம். துப்பிப் பார்த்தால் கடலைக்கு நடுவில் கடலை அல்லாத ஒன்று. தூக்கிப்போட மனசு வரவில்லை. மேல்பக்கம் அசல் பல் மாதிரியே பள்ளமும் மேடுமாக அத்தனை அழகாகச் செதுக்கியிருந்தார். பஞ்சு சாம்பிள் டப்பா ஒன்றில் போட்டு லேபில் என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். அன்றிலிருந்து வலப்பக்கமாகச் சாப்பிட்டேன். மாமா மாட்டிய பந்தியில் நான் மட்டும் எப்படித் தப்பித்தேன் என்றால், டாக்டர் என் இலைக்கு வருவதற்குள் இலையை மூடிவிட்டு ஓடிவிட்டேன்.

ஓடி எங்கே போவது? ஒரு திங்கட்கிழமை மதியம் அவர் எங்கள் லேபுக்கே வந்துவிட்டார். கையில் ஒயர் கூடை. கூடை நிறையப் பற்கள்.

அடைப்பு எங்கே விட்டுப்போகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பியிருந்தார். பிடுங்கிய பற்களைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் பிவிசி குழாய்த் துண்டில் சுண்ணாம்புமாவு குழைத்து நட்டு, மேலே சமமாகத் தேய்த்து, லைனர் பூசி, அதன்மேல் வெள்ளையைப் பொத்தான் மாதிரி வைத்திருந்தார். அந்தப் பொத்தானைக் கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்தால் எத்தனை பலத்தில் கழல்கிறது, கழல்கிறபோது பூச்சு பல்லோடு நிற்கிறதா, வெள்ளையோடு போகிறதா என்று பார்க்கவேண்டும். முதலில் ஒரு பம்ப் ஃபவுண்டரிக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தது வார்ப்பிரும்பை டன் கணக்கில் இழுத்து உடைக்கிற மிசின். பல் கழன்று தரையில் விழுந்தபிறகும் முள் அசையவில்லையாம். "எங்க மிசினுக்கு உங்க பல்லு கண்ணுக்கே தெரியலைங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்களிடம் நூலைச் சிட்டமாகச் சுற்றி இழுத்து அறுத்துப் பார்க்கிற மிசின் இருந்தது. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, பெரிய வட்டத் தட்டில் பவுண்டு காட்டும் முள். பல்லுக்குத் தோதான பலம். மில்லில் எங்கள் மேலதிகாரியான மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் வலப்பக்கமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தாராளமா செய்ங்க டாக்டரம்மா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மிசின் சும்மாதான் நிக்குது" என்றார். அவருக்கும் அடைத்தது அந்த அம்மாள்தான். மிசின் சும்மா நின்றால் நானும் சும்மா நிற்பேன் என்று அவர் கண்டாரா? என் சாப்பாட்டு நேரம் போயிற்று.

பழக்கதோஷத்தில் நான் சிரித்துவிட்டேன். டாக்டர் கண்ணைச் சுருக்கினார்.

"உன்னை எனக்குத் தெரியும். கீழ இடது கடவாய், ரெண்டாவது."

"ஆமாங்க."

"எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க டாக்டரம்மா."

"தொற."

டார்ச்சை அழுத்தினார். எரியவில்லை. பாட்டரி தீர்ந்திருந்தது. கண்ணாடியை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தார், லேப் வெளிச்சத்தில் அந்த மூலை இருட்டாகத்தான் தெரிந்திருக்கும். நானும் நாக்கை நகர்த்திக் குழியை மறைத்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நோட்டை எடுத்து என் பெயரை எழுதி, பக்கத்தில் 'நிற்கிறது' என்று எழுதி, அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

"நான் பாத்த வாயில நிக்கறது உன்னுது ஒண்ணுதான் தம்பி. நீ ஒருத்தன்தான் என்ர பேரைக் காப்பாத்தறே."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எப்படிச் சொல்வது?

அதன்பிறகு திங்கட்கிழமை தவறாமல் வந்தார். நான் சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்துவிட்டுப் பல் இழுத்தேன். ஒவ்வொரு பல்லையும் ஆளை அறிமுகம் செய்கிற மாதிரிதான் கொடுப்பார். "இது கோவில்பாளையத்துப் பல்லு. வெத்தலை போட்டே தேஞ்சது. மெதுவா இழு." முள் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். பொத்தான் பட்டென்று கழன்றதும் முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, லென்ஸை எடுத்துக்கொண்டு பல்லைத் திட்ட ஆரம்பிப்பார். லைனர் செய்த கம்பெனியைத் திட்டுவார். எச்சிலைத் திட்டுவார். ஐப்பசி மழையின் ஈரத்தைத் திட்டுவார். மில்லில் வேலை செய்த பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர் திரும்பினால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கலைவார்கள்.

ஒருநாள் அவர் திட்டவில்லை. மிசின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, "மார்கழி முடியறதுக்குள்ள காரணம் தெரியலைன்னா போர்டைக் கழட்டிப்போட்டு அன்னூருக்கே போயிர்றேன். ஊரே வாயில குழியோட எனக்கு மரியாதை பண்ணிட்டுத் திரியறதுக்கு நான் இல்லாம இருக்கலாம்" என்றார்.

எனக்கு அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. அதனால்தான் வாயைத் திறந்தேன். எங்களுடைய மில்லில் நூலின் பலம் ஒரு சிட்டத்தில் ஏறி இன்னொரு சிட்டத்தில் இறங்கினால் பஞ்சைக் குறை சொல்லமாட்டார்கள். முதல் கேள்வி, எந்த ஷிப்ட்டில் ஓடியது என்பதுதான். இவருடைய பற்களும் அப்படித்தான் இருந்தன. ஒன்று இருபத்தெட்டு பவுண்டு தாங்கும். அடுத்தது ஐந்திலேயே கையை விரித்துவிடும். ஒரே லைனர், ஒரே கை.

"ஏனுங்க டாக்டரம்மா, இதெல்லாம் எந்த ஷிப்ட்டுல செஞ்சதுங்க?"

"பல்லுக்கு ஏது தம்பி ஷிப்ட்டு? என்னைப் பாத்தா மில்லுல ராட்டு ஓட்டறவளாட்டத் தெரியுதா?"

கோபப்பட்டாரே தவிர, குழாய்த் துண்டு ஒவ்வொன்றிலும் செய்த நாளைப் பென்சிலால் எழுதியிருந்தார். நாள்வாரியாகப் பிரித்து மேஜையில் அடுக்கினோம். அடுக்கி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. உறுதியாக நின்ற பற்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பற்கள். நோயாளிகள் வராத அன்றைக்குக் கிளினிக்கில் தனியாக உட்கார்ந்து செய்தவை. வாரநாளில் செய்தவை பூராவும் சொத்தைதான்.

"பாத்தீங்களாங்க? கெழமையிலதான் என்னமோ இருக்குதுங்க."

டாக்டர் வரிசையை ஒருதரம் விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டினார். இரண்டு கோடு போட்ட பக்கத்தில் விரலை வைத்தார்.

"இல்லை தம்பி. நீ புதன்கெழமை. உனக்குப் போட்டதும் இதே லைனர்தான். பதினோரு மாசமா நிக்குது. வாரநாள்ல தப்புன்னா உன்னுது எப்படி நிக்கும்? ஒண்ணு நின்னு மத்ததெல்லாம் வுழுந்தா, சரக்கு நல்ல சரக்கு, செய்யறவ கைதான் சரியில்லைன்னு அர்த்தம்."

கத்தாமல் சொன்னார். கூடையில் பற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைக்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் கத்தியபோதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது. அன்றைக்குப் பயம் வந்தது. என் ஒரு பொய்யை ஆதாரமாக வைத்துக்கொண்டு அவர் தன் கையில் குற்றம் கண்டுபிடித்துவிட்டார். நாளைக்கே போர்டைக் கழற்றிவிடுவார். என்னுடைய மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

"டாக்டரம்மா, சித்தெ இருங்க."

இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் திறந்து பார்த்தார்.

"என்னது இது?"

"என்னுதுங்க."

"எப்ப?"

"நாப்பதாவது நாளுங்க."

"அப்ப பத்து மாசமா?"

"ஆமாங்க."

"வாராவாரம் என்ர பக்கத்துல நின்னுட்டு, கழண்ட அடைப்பை இழுப்பறையில வெச்சுட்டு, நல்லாருக்குதுன்னு சொன்னே?"

"நீங்க சங்கடப்படுவீங்களேன்னுங்க..."

மில்லில் சங்கு ஊதினால் சரவணம்பட்டி முழுக்கக் கேட்கும். அன்றைக்கு டாக்டர் கத்தியது அதற்குமேல் கேட்டது. மாஸ்டர் ஓடிவந்து, நிலைமையைப் பார்த்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். கத்திக்கொண்டே அவர் கை தன்பாட்டுக்கு லென்ஸை எடுத்தது. கத்திக்கொண்டே ஊசியால் அடைப்பின் அடிப்பக்கத்தைக் கீறினார். பாதித் திட்டில் நிறுத்திவிட்டார்.

"தம்பி, இங்க பாரு. பூச்சு வேகவே இல்லை. ஊசி எறங்குது. வெளிச்சமே பட்டாப்பல தெரியலை."

அந்த வாரம் புதன்கிழமை பொழுதோடு, நான் அடைத்துக்கொண்ட அதே நேரத்துக்கு, என்னைக் கிளினிக்குக்கு வரச்சொன்னார். ஒரு பல்லை எடுத்து வழக்கம்போல மிசினால் தேய்த்தார். நிறுத்தினார். லைனர் பூசினார். விளக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நீல வெளிச்சத்தை நேரே பார்த்தால் கண்ணுக்கு ஆகாதாம். அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கீழே கடையில் ஒரு பெரிய மோட்டார் உறுமியது. தரை அதிர்ந்தது. மேலே ட்யூப் லைட் சிமிட்டியது. கணபதியில் மாலையானால் ட்யூப் லைட் சிமிட்டாத வீடே கிடையாது என்பதால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் டாக்டர் கையில் இருந்த நீல வெளிச்சமும் மங்கிப்போய், பாட்டரி தீர்ந்த டார்ச் மாதிரி ஆனது.

இரண்டு பேரும் கீழே இறங்கினோம். மோட்டார்க்காரர் ஐம்பது வயசுக்காரர், சட்டை முழுக்க வார்னிஷ். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இப்ப எதுக்கு மோட்டாரை ஓட்டுனீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மேல மிசின் சத்தம் நின்னுதுங்களே."

"நின்னா?"

"நீங்க பல்லுல மிசின் போடறப்ப நாங்க கீழ மோட்டாரை ஓட்டுனா அதிருமுங்க. உங்க கை ஆடிப்போச்சுன்னா பாவம், உக்காந்திருக்கறவங்க கதி என்னாகறதுங்க? அதனால சுத்தி முடிச்ச மோட்டாரையெல்லாம் வரிசையா வெச்சுட்டுக் காத்திருப்பமுங்க. மேல சத்தம் நின்னப்பறம்தான் ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்கறது. நீங்க மாடிக்கு வந்த நாள்ல இருந்து அப்படித்தானுங்க. ஞாயித்துக்கெழமை கடை லீவுங்க."

டாக்டர் வரிசையாக நின்ற மோட்டார்களைப் பார்த்தார். பல்லைத் தேய்த்து முடித்து, லைனர் பூசி, வெளிச்சம் அடிக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்த மனிதர் இரண்டு வருஷமாக மோட்டாரை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"நீங்க ஓட்டுனா எனக்குக் கரண்டு எறங்குமுன்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. ரெண்டும் ஒரே லைனுதானுங்களே. சன்னல்ல லைட்டு மங்கறது தெரியுமுங்க."

"ஏனுங்க சொல்லலை?"

"நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா. ஒண்ணும் சொல்லலையே, சரி, பரவாயில்லையாட்ட இருக்குதுன்னு வுட்டுட்டமுங்க."

அதற்குமேல் நடந்ததை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. சத்தி ரோட்டில் போன பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிவந்து பார்த்தார். டாக்டர் ரோட்டைப் பார்த்து, பஸ்ஸைப் பார்த்து, கணபதி முழுவதையும் பார்த்துச் சொன்னார்:

"ஏனுங்க, உங்களையெல்லாம் கையெடுத்துக் கும்புடறேன். இந்த ஊர்ல ஒருத்தராச்சும் என்னைத் திட்டுங்க. தப்பாச் செஞ்சா தப்புன்னு சொல்லுங்க. நீங்கெல்லாம் நல்லவங்களா இருந்தே என்னைக் கெடுத்துப்போட்டீங்களே. ரெண்டு வருசமா என்ர கையைப் பாத்து நானே சந்தேகப்பட்டுட்டு இருந்தனுங்க."

சொல்லிவிட்டு மோட்டார்க்காரர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். மோட்டார்க்காரர் கையை மறுபடி துடைத்துக்கொண்டார். "சரிங்க" என்றார். சோடா வாங்கிவந்து கொடுத்தார். பஸ் போய்விட்டது.

நாலாம் நாள் மோட்டார்க்காரர் தன் கையாலேயே ஒரு ஸ்டெபிலைசர் சுற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கரண்டு எத்தனை இறங்கினாலும் இனி விளக்கு மங்காது என்றார். அது நாள் முழுக்க உம்மென்று முனகும். டாக்டர் அதைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். முதல் அடைப்பு எனக்குத்தான் போட்டார். போடும்போது திட்டிக்கொண்டேதான் போட்டார். போர்டு கழற்றப்படவில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். காரணம் தெரிந்துவிட்டது, எல்லாரையும் வரவழைத்து மறுபடி அடைக்கவேண்டும். யார் வந்தார்கள்? வீடு வீடாகப் போய்க் கேட்டாலும் "நல்லாருக்குதுங்க, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றுதான் சொன்னார்கள். அதனால் தை முகூர்த்தங்களுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பந்தி நடுவில் என்னை நிறுத்தி, "இவருது வுட்டுப்போச்சு. வந்து சொன்னாரு. மறுக்கா அடச்சேன். எப்படி நிக்குது, வந்து பாருங்க" என்று டார்ச்சை அடிப்பார். நான் வாயைத் திறந்து நிற்பேன். இலையில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து வரிசையில் வந்து என் வாய்க்குள் பார்த்துவிட்டு, "அருமையா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டுக்குப் பல்லைப் பார்ப்பவர் ஒருவர்தான். எனக்கு ஒரு மண்டபத்துக்கு நூறு பேர்.

ஐந்தாவது மண்டபத்தில் வரிசையில் வந்து எட்டிப் பார்த்தவர்களில் எனக்குப் பெண் கொடுப்பதாகப் பேசிக்கொண்டிருந்தவரும் ஒருவர். நன்றாகக் குனிந்து, டார்ச்சைத் தானே வாங்கி, மேலும் கீழும் அடித்துப் பார்த்தார். பெண் கொடுத்துவிட்டார். கடைசிவரைக்கும் மாப்பிள்ளையைப் பற்றி யார் கேட்டாலும் "பல்லெல்லாம் பாத்துத்தானுங்க குடுத்தேன்" என்றுதான் சொல்வார். இந்த மானக்கேட்டுக்கு யார் பொறுப்பு?

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆறாவது கல்யாணத்தில் மாஸ்டர் இலையிலிருந்து எழுந்து வந்து, டாக்டர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "என்னுதும் போயிருச்சுங்க" என்றார். ஏழாவதில் மாமா வந்து, மறுபடி அடைக்கச் சொன்னார். பிறகு கிளினிக் மாடிப்படியில் ஆட்கள் உட்கார இடமில்லாமல் போனது. டாக்டரின் கத்தலும் குறைந்தது. எனக்கு வேலை மாறியது, ஊரும் மாறியது. அவரைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது.

போன மாதம் சென்னையில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். வேறு பல்லுக்காக. நல்ல பையன், சின்ன வயசு. கீழ் இடது பக்கம் பார்த்துவிட்டு, "இது யார் சார் போட்டது? ரொம்பப் பழசா இருக்கே. சும்மா எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு போட்டுரலாம்" என்றார். நான் என் ஆயுசில் யாரையும் முகத்துக்கு நேரே கடிந்து பேசியவனில்லை. அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்து, "அதுல மட்டும் கையை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற" என்றேன். வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போதுதான், அந்த அம்மாளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தது.